அத்தைக்கு டிரைவர் பார்த்த கதை

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருக்கும் என் வயசுக்காரர்களே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். என் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. காதுக்குள் பட்டாணி அளவுக்கு ஒன்றைச் செருகிக்கொண்டு தனக்கு மட்டும் பாட்டு கேட்கிறவர்களுக்கு, ஊருக்கே கேட்க வேண்டும் என்று ஒருத்தி ஆசைப்பட்டது எப்படிப் புரியும்? நமக்குப் புரியும். ஆடி மாசம் மின்கம்பத்தில் கட்டின குழாய் ஸ்பீக்கர் விடியற்காலையில் அலறி நம்மை எழுப்பினதும், அதைத் திட்டிக்கொண்டே அடுத்து என்ன பாட்டு என்று நாம் காத்திருந்ததும் நமக்குத்தானே தெரியும்.

அந்தக் குழாய் ஸ்பீக்கரை எங்கள் அத்தை வீட்டிலேயே செய்தாள். ஒன்றல்ல, இரண்டு. அதற்கு டிரைவர் தேடின கதைதான் இது. அந்த டிரைவர் விஷயத்தில் எங்கள் வீட்டில் நடந்த கூத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. இத்தனை வருஷம் அதை நான் வீட்டுக்கு வெளியே சொன்னதில்லை.

எனக்கு அப்போது பத்து வயசு. தொண்ணூறுகள் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அனகாபுத்தூரில், பக்கத்து வீட்டுத் தறிச்சத்தம் சுவர் வழியாக வருகிற ஒரு சந்தில் இருந்தோம். அப்பா பஸ் கண்டக்டர். அத்தை அப்பாவுக்குத் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். இருபத்தேழு வயசு, கல்யாணம் ஆகவில்லை. வந்த மூன்று வரன்களில் இரண்டை அவள் வேண்டாம் என்றாள், ஒன்று அவளை வேண்டாம் என்றது. மூன்றுக்கும் சேர்த்து அம்மாதான் அழுதாள். அத்தை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

அத்தை திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஆம்ப்ளிஃபயர் செய்கிற ஒரு சின்ன யூனிட்டில் வேலை பார்த்தாள். பெண்கள் எல்லாரும் ஈயம் பற்றவைக்கிற மேசையில். மாலையில் அவள் தலைமுடியில் அந்தப் புகை வாசனை இருக்கும், எனக்கு அது பிடிக்கும், அவளுக்கு அது இருமல். செய்து முடித்த செட்டைப் போட்டுக் கேட்டு, நல்லதா கெட்டதா என்று சொல்கிற இடம் டெஸ்டிங் மேசை. அங்கே மூன்று ஆண்கள். அவர்கள் ஒரு செட்டை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்வார்களாம். அத்தை எட்டு அடி தள்ளி உட்கார்ந்து, சத்தத்தை வைத்தே எந்த இடத்தில் பழுது என்று மனசுக்குள் சொல்லிவிடுவாளாம். மனசுக்குள்தான். வாயைத் திறந்தால், உன் வேலையைப் பாரும்மா என்பார்கள்.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அந்த யூனிட்டில் வாடகைக்கு மைக் செட் எடுப்பார்கள். ஆம்ப்ளிஃபயர் செய்கிற இடத்தில் ஸ்பீக்கரை எதற்கு வாடகைக்கு எடுக்க வேண்டும் என்று அத்தை முதலாளியிடம் கேட்டுவிட்டாள். அவர் நல்ல மனுஷர்தான், ஆனால் வேடிக்கையாகவே பேசுவார். நீயே குழாய் செய்து கொண்டு வா, தொழிற்பேட்டை முழுக்கக் கேட்டால் உன்னை டெஸ்டிங்கில் உட்கார வைக்கிறேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், "ஒனக்கு களிமண்ணு பிசைய வருமா?" என்று கேட்டாள்.

வரும் என்றேன். அதுமுதல் எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்ன எதுவும் ஏறவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

தகரத்தை வளைத்துக் குழாய் செய்ய எங்களுக்கு வசதி இல்லை. அத்தை வேறு வழி கண்டுபிடித்தாள். பக்கத்து வீட்டில் தறி நெய்த அக்கா பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியில் துணி தோய்ந்து காய்ந்தால் பலகை மாதிரி ஆகிவிடும் என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அடையாற்றுக் கரையிலிருந்து நானும் அத்தையும் களிமண் கொண்டு வந்து, அட்டையில் வெட்டின வளைவை வைத்துத் தேய்த்துத் தேய்த்து, வாய் அகன்ற ஒரு பெரிய ஊமத்தம்பூவைக் கவிழ்த்தது போல அச்சு செய்தோம். அதன்மேல் அந்த அக்கா கொடுத்த துண்டுத் துணிகளைக் கஞ்சியில் நனைத்து, ஒட்டி, காயவைத்து, மறுபடி ஒட்டி, ஏழு சுற்று. புளித்த கஞ்சி வாசனை என் கையில் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்தது. மூன்றாம் சுற்றில் ஒரு வெள்ளாடு மாடிப்படி ஏறி வந்து ஒரு குழாயின் உதட்டை ஒரு சாண் அளவுக்குத் தின்றுவிட்டது. நான் ஆட்டைத் துரத்திக்கொண்டு தெருக்கோடி வரை ஓடினேன், அத்தை உட்கார்ந்து சிரித்தாள். கடைசியில் களிமண்ணை உடைத்து எடுத்துவிட்டு, வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சின பச்சை பெயிண்டை இரண்டு கை பூசினோம். கழுத்தில் பொருத்த, திருகு மரை போட்ட இரும்பு வளையங்களை ஒரு லேத் பட்டறை அண்ணன் கடைந்து கொடுத்தார். விரலால் தட்டினால் கிண்ணென்று இருந்தது.

அப்பாவும் அம்மாவும் மேலே வந்து பார்த்தார்கள். குழாய் முடிந்தால் ஸ்பீக்கர் முடிந்தது என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். குழாய் தானாகப் பாடாது, அதன் பின்பக்கம் திருகுகிற, கைக்கு அடக்கமான ஒரு இரும்பு உருண்டைக்குள்தான் சத்தம் பிறக்கிறது, குழாய் அதைப் பெரிதாக்கி வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அத்தை சொன்னாள். மைக் செட்காரர்கள் அந்த உருண்டையை யூனிட் என்பார்கள். ஆனால் எங்கள் வீட்டில் யூனிட் என்றால் அத்தை வேலைக்குப் போகிற இடம். "நல்ல யூனிட்டா ரெண்டு வாங்கணும்" என்று அவள் ஒருநாள் சொன்னபோது, இரண்டு கம்பெனி வாங்கப் போகிறாயா என்று நான் கேலி செய்தேன். அதற்கப்புறம் குழப்பமே வேண்டாம் என்று, முதலாளி மேசையில் இருந்த ஆங்கிலப் புத்தகத்தில் பார்த்த பெயரை அவள் பிடித்துக்கொண்டாள். எங்கள் இரண்டு பேருக்குள் அதற்கு டிரைவர் என்று பெயர்.

குழப்பம் வேண்டாம் என்றுதான் அந்தப் பெயர். விதியைப் பாருங்கள்.

புது டிரைவர் வாங்க வழியில்லை. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் அத்தை சொல்லி வைத்தாள். ஒன்று கிடைத்தால் போதாது, ஒரே குரலில் பேசுகிற ஜோடியாக வேண்டும், ஒன்று கட்டையாகவும் ஒன்று கீச்சென்றும் இருந்தால் சேர்த்துக் கேட்க முடியாது என்று விளக்கமாகச் சொன்னாள். கிடைத்ததும் எழுதச் சொல்லி, எங்கள் முகவரி எழுதின ஒரு தபால் கார்டையும் கொடுத்துவிட்டு வந்தாள். மூன்று மாசம் போனது. ஆயுத பூஜை நெருங்கிவிட்டது. "எல்லாம் ரெடியாக் கீது. நல்ல டிரைவர் ஒண்ணு அமையமாட்டேங்குது" என்று அவள் கிணற்றடியில் என்னிடம் புலம்பினதை அம்மா காதில் வாங்கிக்கொண்டாள் என்பது எங்களுக்குத் தெரியாது.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், புதன்கிழமை அந்தக் கார்டு வந்தது. அத்தை வேலைக்குப் போயிருந்தாள். அப்பா வாங்கிப் படித்தார். பிறகு அம்மாவுக்குப் படித்துக் காட்டினார். நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே கேட்டேன். அந்த வாசகம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

"தங்கச்சிக்கு. நீ கேட்ட மாதிரியே டிரைவர் அமைஞ்சிருக்கு. முன்ன ஒரு எடத்துல இருந்து பிரிஞ்சி வந்தது. வயசு ஆனாலும் குரல் சுத்தம். ஜோடிப் பொருத்தம் நீயே நேர்ல வந்து பாத்துக்கோ. வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கு வா. வேற ரெண்டு பேர் கேட்டுக்கினு கீறாங்க."

அப்பா ஆடிப் போனார். தங்கை கண்டக்டரைப் பார்த்திருந்தால்கூட ஒருவேளை மன்னித்திருப்பார். டிரைவர்! பன்னிரண்டு வருஷமாக டிரைவர்களோடு சண்டை போடுகிறவர் அவர். விசில் அடிப்பதற்குள் வண்டியை எடுப்பவன், நிற்கிற கூட்டத்தையெல்லாம் ஒரே பிரேக்கில் என்மேல் கொட்டுகிறவன், டீ குடிக்கப் போனால் திரும்பி வராதவன் என்று தினமும் சாப்பிடும்போது அவர் அடுக்குவது டிரைவர்களின் குற்றப் பட்டியல்தான். அதிலும் இது முன்னமே ஒரு இடத்தில் இருந்து பிரிந்து வந்தது, வயசும் ஆனது. "மாப்பிள்ளைய போயி அமைஞ்சிருக்கு, வந்ததுன்னு எழுதறான் பாரு, மரியாத தெரியாத தரகன்" என்றார். அத்தனை கோபத்திலும் இலக்கணத்தில் அவருக்கு ஒரு கண் இருந்தது.

அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன்கூட. அப்பா அது வந்து என்று ஆரம்பித்தேன். பெரியவங்க பேச்சில் தலையிடாதே, உள்ளே போ என்று அம்மா அதட்டினாள். போனேன். இதுவரை பழி அவர்கள் மேல். இதற்கப்புறம் வருவதற்குப் பழி என் மேல்.

அன்று சாயங்காலம் அத்தை வந்ததும் அப்பா கார்டை அவள் கையில் கொடுத்தார். படித்ததும் அத்தை முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! அப்பாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இந்த டிரைவர் பேச்சு இந்த வீட்டில் இனி எடுக்கக் கூடாது, வெள்ளிக்கிழமை நீ வாசல் தாண்டக் கூடாது என்றார். அத்தை திகைத்துப் போனாள். ஸ்பீக்கர் செய்வது அண்ணனுக்குப் பிடிக்கவில்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

"மூணு மாசமா தேடி இப்பதாண்ணா கெடச்சிருக்கு. இத வுட்டா எனக்கு வேற வழி கெடையாது" என்றாள்.

"ஒனக்கு நான் பாக்கமாட்டனா? நீயே போயி சந்தையில பாப்பியா?"

"ஒனக்கு இதப்பத்தி இன்னாண்ணா தெரியும்? எனக்குப் புடிச்ச மாதிரி எனக்குத்தான பாக்கத் தெரியும். இது அந்த..."

அவள் அடுத்து ஸ்பீக்கர் என்று சொன்னாள். நான் அவள் உதட்டைப் பார்த்தேன், சொன்னாள். ஆனால் அந்த நேரம் பார்த்து எங்கள் மாடிக்கு மேலே விமானம் வந்தது. விமான நிலையத்தை ஒட்டின பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் ஆட்களுக்குத் தெரியும், விமானம் போகும்போது யாரும் பேச மாட்டோம், பேசினாலும் பயனில்லை. அந்த இரைச்சல் அடங்குவதற்குள் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். அத்தை சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். மூன்று வரன் போனபோதும் அழாதவள், தோள் குலுங்க அழுதாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. இத்தனை வருஷத்தில் அவள் எதற்கும் இப்படி அழுததில்லை, ஆளைப் பார்க்காமலே வேண்டாம் என்று சொல்வது நியாயமில்லை, நாளைக்கு நானே லீவு போட்டுப் போய்ப் பார்க்கிறேன் என்றார். அப்பாவுக்குத் தங்கை மேல் எவ்வளவு ஆசை என்பதை நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். நான் போய் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்பா தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பார். பிறகு, கண்ட இரும்புக்காகவா இத்தனை அமர்க்களம், அடுத்த மாசம் பார்க்கலாம் என்று டியூட்டிக்குப் போயிருப்பார். அத்தையைத் தனியாகச் சந்தைக்கு அனுப்பியிருக்கவும் மாட்டார். மாப்பிள்ளைக்காக லீவு போடுகிற மனுஷர் டிரைவருக்காக லீவு போட மாட்டார். பத்து வயசில் எனக்கு இவ்வளவு கணக்கு ஓடியது. வாயை இறுக்க மூடிக்கொண்டேன். தனியாகப் போனால் நன்றாக இருக்காது, பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அம்மா சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அத்தை டிரைவரைச் சோதிக்க வைத்திருந்த டார்ச் பேட்டரியையும் அதில் ஒட்டின இரண்டு ஒயரையும் எடுத்துப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டேன்.

அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. கல்யாணத்துக்குப் போகிற ஆள் மாதிரி அந்தச் சந்தைக்குள் நுழைந்தார். ஒருபக்கம் கோழி, ஒருபக்கம் பழைய சைக்கிள் டயர், ஒருபக்கம் யாரோ கழற்றிப் போட்ட கதவு ஜன்னல். தோல் பதனிடுகிற நாற்றம் காற்றோடு வந்து போனது. கார்டு எழுதினவர் ஒரு குடைக்குக் கீழே தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி இறக்கை இல்லாத ஃபேன், முகம் இல்லாத ரேடியோ.

டிரைவர் பார்க்க வந்தோம் என்று அப்பா அடக்கமாகச் சொன்னார். தங்கச்சி வரவில்லையா என்று அவர் கேட்டார். நான் அவள் அண்ணன் என்றார் அப்பா. நீ பார்த்தாலும் ஒன்றுதான், குந்து என்று ஒரு மரப்பெட்டியைத் தள்ளினார் அவர். அப்பா வேட்டியைச் சரிசெய்து உட்கார்ந்தார். நான் பாவாடை மடிப்பில் பேட்டரி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"தண்ணி கிண்ணி பழக்கம் உண்டா?" என்று கேட்டார் அப்பா.

"சேச்சே. ஒரு சொட்டுத் தண்ணி பட்டதில்ல. பட்டா பேஜாராயிடும்."

அப்பா முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. முன்பு எங்கே இருந்தது என்று கேட்டார், மாப்பிள்ளையை இப்போது அவரே அது, இது என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். குன்றத்தூர் பக்கம் ஒரு பெரிய இடம், கோயில் காரியம் தவிர வேறு எதற்கும் போகாது என்றார் அவர். அப்பா இன்னும் தெளிந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"அப்புறம் ஏன் பிரிஞ்சது?"

"பிரிஞ்சதா? நாந்தான் பிரிச்சேன். துருப் புடிச்சி வரமாட்டேன்னுச்சு. ஸ்பேனர் போட்டு ஒரு அடி அடிச்சேன், வந்துடுச்சு."

சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் இருந்த சாக்குப் பையைக் கவிழ்த்தார். நான்கு இரும்பு உருண்டைகள் தார்ப்பாயில் விழுந்து உருண்டன. ஒன்று அப்பாவின் கால் கட்டைவிரலில் வந்து நின்றது.

அப்பா அதைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பாவாடை மடிப்பிலிருந்து பேட்டரியை எடுத்து நீட்டினேன். எழுந்து போயிருக்கலாம் அவர். என்னை அங்கேயே அறைந்திருக்கலாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் இறங்கிக் குந்தினார்.

"சரி. எப்படிப் பாக்கறது?" என்றார். என்னைத்தான் கேட்டார்.

அத்தை சொல்லிக்கொடுத்தபடி ஒயர் இரண்டையும் உருண்டையின் பின்பக்கம் தொட்டேன். முதலாவது டப்பென்று சுத்தமாகச் சொன்னது. இரண்டாவதும், நான்காவதும் அப்படியே. மூன்றாவது சொரசொரவென்றது. அதை ஒதுக்கினேன். மிச்சம் மூன்றில் எந்த இரண்டு ஜோடி என்பதுதான் கேள்வி, அதற்கு அத்தையின் காது வேண்டும், என்னிடம் அது இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைக்காரரிடம் லாரி பேட்டரியில் ஓடுகிற ஒரு ஆம்ப்ளிஃபயரும் ஒரு மைக்கும் இருந்தன. அப்பா அந்த மைக்கை வாங்கினார். அவருக்குத் தெரிந்ததைச் செய்தார்.

"பல்லாவரம், பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர், குன்றத்தூர்!"

ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு தடவை. அப்பாவுக்கு ழகரத்தில் ஒரு கர்வம் உண்டு. பயணிகளில் பாதிப் பேர் பொலிச்சலூர் என்றுதான் டிக்கெட் கேட்பார்கள், அவர் டிக்கெட் கிழிக்கும்போது ஒரு தடவை சரியாகச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பார். முதல் டிரைவரில் பொழிச்சலூர் பொழிச்சலூராகவே வந்தது. இரண்டாவதிலும் வந்தது. நான்காவதில் பொலிச்சலூர். மறுபடி சொல்லிப் பார்த்தார். பொலிச்சலூர். சந்தையில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள், ஒரு ஆள் கோழியைக் கையில் பிடித்துக்கொண்டு குன்றத்தூர் பஸ் எப்போது வரும் என்று கேட்டார். அப்பா கண்டுகொள்ளவில்லை. மூன்றையும் மாற்றி மாற்றி அரை மணி நேரம் கத்தினார். அவர் முகம் மாறிக்கொண்டே வந்ததை நான் பார்த்தேன். வீம்பு போய், சின்னப் பையன் மாதிரி ஒரு ஆசை வந்திருந்தது. கடைசியில் ஒன்றையும் இரண்டையும் கையில் எடுத்து, "இதுங்க ரெண்டும் ஒரே வூட்டுப் புள்ளைங்க" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு டிரைவர்களும் அப்பா மடியில். பம்மல் தாண்டினதும், உனக்கு முதலிலேயே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் ஆடியது. அழுகிறாரோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அத்தை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அப்பா அவள் பக்கத்தில் அந்த இரண்டையும் வைத்தார். எழுந்து உட்கார்ந்து, ஒயரைத் தொட்டு, காதோடு வைத்துப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். யார் பார்த்து எடுத்தது என்று கேட்டாள். நான்தான் என்றார் அப்பா. பிறகு வேறு வழியில்லாமல் எல்லாம் வெளியே வந்தது. கேட்டுவிட்டு அத்தை சிரிப்பாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நான் அழுதால் ஒரு ஆம்பளைக்காகத்தான் அழுவேன் என்று நினைத்தாயா அண்ணா என்று கேட்டாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அப்புறம்தான் அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்தது நிற்கவில்லை.

அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இந்த விஷயம் இந்த நிலைப்படியைத் தாண்டக் கூடாது. டிப்போவில் எவனுக்காவது தெரிந்தால் ரிடயர் ஆகும்வரை ஓட்டியே கொன்றுவிடுவார்கள். மூன்று பேரிடமும் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினார்.

ஆயுத பூஜை அன்று நாங்கள் எல்லாருமே திருமுடிவாக்கம் போனோம். தொழிற்பேட்டையே வேறு மாதிரி இருந்தது. லேத் மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. தெருவெல்லாம் பொரியும் உடைத்த பூசணிக்காயும். அத்தையின் பச்சைக் குழாய்கள் இரண்டும் யூனிட் கூரைமேல், ஒன்று கிழக்கே பார்த்து, ஒன்று மேற்கே பார்த்து. லேசாகத் தூறியது. கஞ்சித் துணி நனைந்தால் என்ன ஆகும் என்று எனக்கு உயிரே இல்லை. அத்தை ஆம்ப்ளிஃபயர் குமிழைத் திருகினாள்.

நாகஸ்வரம். ஐயோ, அந்த நாகஸ்வரம்! என்ன சொல்ல! கூரையிலிருந்து இறங்கி, தெருவை நிறைத்து, எதிர்வரிசைப் பட்டறைகளில் இருந்தவர்களை வெளியே வர வைத்தது. கரகரப்பு இல்லை, கீச்சு இல்லை. இரண்டு குழாயும் ஒரே தொண்டையில் பாடின. நான்கு தெரு தள்ளி இருந்தவர்கள் எங்கே வாடகைக்கு எடுத்தீர்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். நான் ஓடினேன். கடைசித் தெருவரை ஓடி, அங்கேயும் கேட்கிறது என்று பார்த்துவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி ஓடி வந்தேன்.

வந்தபோது முதலாளி அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். உங்க தங்கச்சி சொன்னப்ப விளையாட்டுன்னு நினைச்சேன் சார், பின்னால நீங்க இருக்கீங்கன்னு தெரியாம போச்சு, பிரமாதமா பண்ணியிருக்கீங்க என்றார். அப்பா இல்லை சார் என்றார். அடக்கமாகச் சொல்கிறார் என்று முதலாளி இன்னும் பலமாகக் குலுக்கினார். டெஸ்டிங் மேசை ஆண்கள் மூன்று பேரும், அதானே பார்த்தோம் என்பது போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்கள் கூட்டத்தில் அத்தை நின்றாள். வாயைத் திறக்கவில்லை. எட்டு அடி தள்ளி உட்கார்ந்து மனசுக்குள் பேசிப் பழகினவள். அவள் கையில் இருந்த பொரிப் பொட்டலம் நசுங்குவது எனக்குத் தெரிந்தது.

பூஜைக்கு முன் இரண்டு வார்த்தை பேசச் சொல்லி முதலாளி மைக்கை அப்பா கையில் கொடுத்தார். பாட்டை நிறுத்தினார்கள். அப்பா தங்கையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினதே தொழிற்பேட்டை முழுக்கக் கேட்டது.

"நான் பஸ் கண்டக்டருங்க. எனக்கு இதுல ஒரு ஒயர்கூடத் தெரியாது. இந்தக் கொழாய்க்குள்ள டிரைவர்னு ஒண்ணு கீதாம். என் தங்கச்சி அத வாங்கக் கெளம்புனா. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? எவனோ ஒரு பஸ் டிரைவரோட இவ ஓடப் போறான்னு நெனச்சி அவள வூட்ல பூட்டி வெச்சேன். வெள்ள வேட்டி கட்டிக்கினு மாப்ள பாக்கப் போனேன், பல்லாவரம் சந்தைக்கு. அங்க ஒருத்தன் இரும்ப எடுத்து எம்முன்னால கொட்டனான்."

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு சிரிப்பு எங்கள் யூனிட்டில் ஆரம்பித்து, எதிர்வரிசைக்குப் போய், கண்ணுக்குத் தெரியாத தெருக்களிலிருந்தெல்லாம் வந்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா காது வரை சிவந்து நின்றார், ஆனால் மைக்கைக் கீழே வைக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"அந்த அளவு புத்திதான் எனக்கு. அதனால இத யாரு செஞ்சிருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சிக்கோங்க" என்று சொல்லி மைக்கை அத்தையிடம் நீட்டினார்.

அத்தை வாங்கவில்லை. அழுதுகொண்டிருந்தாள். முதலாளி ஒன்றும் வேடிக்கையாகப் பேசவில்லை. டெஸ்டிங் மேசைக்குப் போய், சுவரோரம் இருந்த காலி நாற்காலி ஒன்றை இழுத்து அதன் முன்னால் போட்டார். உட்காரும்மா என்றார். சந்தனம் காயாத மேசைக்கு முன்னால் அத்தை போய் உட்கார்ந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். கண்டக்டர் அப்பாவுக்குத் தெரிந்தவர், டிக்கெட் கொடுக்கும்போதே ஒரு மாதிரி சிரித்தார். விஷயம் எங்களுக்கு முன்னால் பஸ் ஏறியிருந்தது. அத்தை அப்பாவின் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஊருக்கே கேட்டுடுச்சேண்ணா" என்றாள்.

"கேக்கணும்னுதான செஞ்சே" என்றார் அப்பா.